பொத்தானுக்கு ஒரு இலை

அத்தியாயம் 9

நத்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று தெரியாது. பெரியவளுக்குத் தெரியும். பத்து நாளாக அவள் எண்ணிக்கொண்டிருந்த ஞாயிறு இது.

பத்து நாளைக்கு முன் தபாலில் வந்த பழுப்பு உறையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருந்தாலும் பாதகமில்லை, பெரியவள் ஒரு நிமிஷம்கூட மறக்கவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

மூன்று வருஷமாக அவள் செய்துவரும் வேலை அப்படி. தன்னை நோகடித்த ஒருவரின் படத்தை யார் வேண்டுமானாலும் அவளுக்கு அனுப்பலாம். பேர் வேண்டாம், காரணம் வேண்டாம். வரும் நாளும் நேரமும் எழுதினால் போதும். அந்தப் படத்தை அவள் பிளாஸ்டிக் தாளில் அச்செடுத்து, அன்று பறித்த பசலை இலைமேல் வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் அழுத்தி, மொட்டை மாடி வெயிலில் கிடத்துவாள். வெளிச்சம் பட்ட இடம் வெளுக்கும். நிழல் விழுந்த இடம் பச்சையாகவே நிற்கும். பிற்பகலுக்குள் இலையில் ஒரு முகம் வந்துவிடும்.

அனுப்பியவர் வந்து, அந்த இலையைத் தன் கையாலேயே நத்தைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அப்புறம் உட்கார்ந்து பார்க்கலாம். நத்தை அவசரப்படாது. பாதியில் மனசு கேட்காமல் இலையைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒரு அம்மாள் நாற்காலியிலேயே தூங்கிப்போய், இரண்டு மணி நேரம் கழித்து விழித்து, "நல்லா தூங்கி எத்தனையோ வருஷமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பழுப்பு உறைக்குள் இருந்தது பெரியவளின் முகம்.

இருபத்து நாலு வயசில் எடுத்த படம். மஞ்சள் சட்டை, கலைந்த தலை, மார்போடு அணைத்த ஒரு நாய். நெற்றி நடுவில் வட்டமாக ஒரு கறுப்பு மச்சம் இருந்ததால் அதற்குப் பொத்தான் என்று பேர். படத்தின் பின்னால் 'ஞாயிறு, நாலு மணி' என்று எழுதியிருந்தது. மருந்துச் சீட்டு எழுதி எழுதியே கோணிப்போன கையெழுத்து. அவளுடைய ஒரே தங்கையின் கை.

"உன் மூஞ்சிய நத்தைக்குப் போட நீயே இலை பொறுக்கறே," என்றார் அவள் கணவர், டீ டம்ளருடன் மாடிக்கு வந்து. "இந்த மாதிரி தொழில் பக்தி நான் பார்த்ததில்ல."

"பேசாம இருங்க. ஓட்டை இல்லாத இலையா வேணும்."

"எதுக்கு, மூக்குல ஓட்டை விழுந்தா லட்சணமா இருக்காதா?"

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாக மாடிக்கும் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பவர். கல்யாணத்துக்கு முன் நடந்தது என்பதால் பொத்தான் விஷயம் அவருக்குத் தெரியாமலே இருந்தது. உறை வந்த அன்றுதான் பெரியவள் அவரிடம் சொன்னாள். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி," என்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கொடியில் மூன்றாவது கிளையில் உள்ளங்கை அகல இலை ஒன்று கிடைத்தது. அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் பொருத்தினாள். இருபத்து நாலு வயசு முகம் இலை நரம்புகளின்மேல் உட்கார்ந்தது. கன்னத்துக்குக் கீழே பொத்தானின் தலை.

அங்கேதான் அவள் கை நின்றது.

நாய் என்ன பாவம் செய்தது? அதையும் சேர்த்தா நத்தைக்குக் கொடுப்பது? கறுப்புத் தாளை எடுத்து, நாயின் உருவத்துக்குச் சரியாக, காது வளைவு தப்பாமல் வெட்டினாள். படத்தில் பொத்தானின்மேல் ஒட்டினாள். இனி அந்த இடத்தில் வெயில் இறங்காது. தன் முகம் மட்டும் அச்சாகும். செய்தவள் யாரோ அவளை மட்டும் நத்தை தின்னட்டும்.

சட்டத்தை வெயிலில் சாய்த்து வைத்தபோது மணி எட்டு.

"என்ன சொல்லப்போறே அவகிட்ட?" என்றார் கணவர்.

"அவளுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கே. நான் என்ன சொல்ல? மன்னிப்பு கேட்கணும். அவ்வளவுதான்."

"லிஃப்ட் நடுவுல நின்னுட்டா, உள்ள இருக்கவங்ககிட்ட 'அஞ்சு நிமிஷம்'னு சொல்லக் கூடாது. ஆறாவது நிமிஷம் கதவ உதைப்பாங்க. எவ்வளவு நேரம் ஆகுமோ அத அப்படியே சொல்லிடணும். உட்கார்ந்துப்பாங்க."

"இருபத்தெட்டு வருஷம் ஆச்சே."

"அப்ப இருபத்தெட்டுன்னு சொல்லு," என்றார் அவர், டம்ளரின் அடியில் நின்ற டீயைச் செடிக்கு ஊற்றியபடி.

*

கீழே, முன்பு கார் நிறுத்தும் இடமாக இருந்த கூடம்தான் அவள் பட்டறை. ஒரு நீள மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னலோரம் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஈர மண், பாசி, பதினோரு நத்தைகள். மத்தியானம் முழுக்கப் பெரியவள் அவற்றுக்கு முன்னால் உட்கார்ந்து மன்னிப்பு கேட்டுப் பழகினாள். நத்தைகள் கொம்பை நீட்டிக் கேட்டன. பிறகு உள்ளே இழுத்துக்கொண்டன. எந்த வாக்கியமும் தேறவில்லை.

நடந்தது பெரிய கதை இல்லை. அப்பா மூச்சுக்குத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் வீட்டில் நாய் ரோமம் இருக்கக் கூடாது என்றார் டாக்டர். தங்கை சின்னவளுக்கு அப்போது பதினாறு வயசு; மூன்று வாரத்தில் பரீட்சை. பொத்தான் அவள் காலடியில் தூங்கும், அவள் பென்சிலைக் கடிக்கும், அவள் பாடம் ஒப்பிக்கும்போது வாலால் தரையைத் தட்டும்.

கொடுத்துவிட்டோம் என்றால் ஆயுசுக்கும் அழுவாள். தானாக ஓடிப்போய்விட்டது என்றால் நாலு நாளில் ஆறிப்போவாள். அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். சின்னவள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு மத்தியானம், பால் வண்டிக்காரரோடு பொத்தான் ஊருக்கு வெளியே இருந்த பால்பண்ணைக்குப் போனது. வாசலில் அன்றைக்கு இரண்டு பேர் நின்று அனுப்பி வைத்தார்கள். இருபத்தெட்டு வருஷமாகப் பெரியவள் அதில் ஒருவரைத் தன் நினைப்பிலேயே பின்னால் தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தாள்.

சின்னவள் நாலு நாளில் ஆறவில்லை. மூன்று மாசம் தேடினாள். 'காணவில்லை' என்று சுவரொட்டி வேண்டும் என்றாள். போட்டோவை நகல் எடுத்தால் கரிக்கட்டை மாதிரி விழுந்தது. "அக்கா, நீதான் நல்லா வரைவியே" என்றாள். பெரியவள் வரைந்தாள். எங்கே இருக்கிறது என்று தெரிந்த நாயை, காணவில்லை என்ற தலைப்புக்குக் கீழே, ஒரு காது மடங்கி, மச்சம் பிசகாமல் வரைந்தாள். இருநூறு நகல். சின்னவள் ஒட்டிக்கொண்டு போக, இவள் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

அந்தச் சுவரொட்டியைப் பார்த்துத்தான் ஒரு பத்திரிகைக்காரர், "யார் வரைஞ்சது?" என்று விசாரித்து வந்தார். பெரியவளுக்கு முதல் வேலை அப்படிக் கிடைத்தது.

சின்னவள் பிராணிகள் டாக்டரானாள். எந்த நாய் வந்தாலும் பிடரியில் அடையாளச் சில்லு ஒன்றைக் காசு வாங்காமல் பொருத்தி அனுப்புவாள். "தொலைஞ்சா கண்டுபிடிக்கணும்ல," என்பாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் பெரியவள் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள்.

மற்றபடி இருவரும் ஒன்றுக்குள் ஒன்று. வாரத்துக்கு நாலு தடவை போனில் பேச்சு, ஒரே டாக்டரிடம் கண் கண்ணாடி, ஒரே செருப்புக் கடை. இழப்பதற்கு இவ்வளவு இருந்ததே, அதுதான் வாயைக் கட்டியிருந்தது.

*

மூன்றரைக்கே சின்னவள் வந்துவிட்டாள். கையில் பை, முழங்கையில் பூனைக் கீறல்.

"அத்தான், லிஃப்ட் எல்லாம் நலமா?"

"ஏத்தமும் இறக்கமுமா போகுது டாக்டரம்மா," என்றவர், பெரியவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். மாடியில் எண்ணெய் போட வேண்டியது எதுவும் இல்லை.

சின்னவள் பட்டறைக்குள் வந்ததும் அக்காவைப் பார்க்கவில்லை. நத்தைப் பெட்டியைத்தான் பார்த்தாள். மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இவன் ஓடு மெலிஞ்சிருக்கு. சுண்ணாம்புச் சத்து பத்தல. முட்டை ஓட்டப் பொடிச்சுப் போடு. வெறும் மனுஷங்க மூஞ்சிய மட்டும் தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த நேரத்திலும் இவளால் சிரிக்க வைக்க முடிகிறதே என்று நினைத்தாள்.

"போன்ல சொல்லியிருக்கலாம்ல," என்றாள். "தபால்ல அனுப்பணுமா?"

"உன் வேலைய 'கீரைக்கட்டுக் கலை'ன்னு ஊரெல்லாம் கேலி பண்ணிட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போன்ல கேட்கறது? அதான் எல்லாரையும் போல வரிசையில வந்தேன்." சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டாள். "ரொம்ப நாளா மனசுல ஒண்ணு, அக்கா. எனக்கே சின்னப்பிள்ளைத்தனமா இருக்கு. ஆனா விட மாட்டேங்குது."

"சின்னப்பிள்ளைத்தனம் இல்லடி."

"எங்க, காட்டு."

பெரியவள் சட்டத்தை எடுத்து வந்தாள். கண்ணாடியைத் தூக்கி, பிளாஸ்டிக் தாளை உரித்தாள். இலையைத் தங்கையின் முன் வைத்தாள்.

நன்றாக வந்திருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒன்று வந்ததில்லை. வெளுத்த மஞ்சளில் நெற்றி, கன்னம். பச்சைக் கோடுகளாகத் தலைமுடி. மார்புக்கு மேலே, காது மடங்கிய ஒரு வடிவம், உள்ளே ஒன்றுமே இல்லாமல், முழுப் பச்சையாக நின்றது.

சின்னவள் வெகுநேரம் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"நாய் எங்க?"

"என்ன?"

"பொத்தான் எங்க, அக்கா? இங்க பச்சையா ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கே. நான் அதுக்குத்தானே அனுப்பினேன்."

பெரியவளுக்குப் புரிய நேரம் பிடித்தது.

"நீ... என்னைத்தானே..."

"உன்னை எதுக்குடி நத்தைக்குப் போடறேன்? அது இருக்கற ஒரே போட்டோல உன் மூஞ்சியும் சேர்ந்து வந்து தொலைஞ்சிருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண?" சின்னவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அது ஓடிப்போன அன்னிக்குக் காலைல, பேனாவக் கடிச்சிடுச்சுன்னு அத நான் செருப்பால அடிச்சேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒரே அடி. அது கத்தக்கூட இல்ல, என்னைப் பார்த்துச்சு. சாயங்காலம் வந்தா ஆள் இல்ல. அடிச்சதுக்காக விட்டுட்டுப் போயிடுச்சேன்னு அது மேல கோபம். அடிச்சேனேன்னு என் மேல கோபம். நாப்பது தாண்டியாச்சு, இன்னும் ஒரு நாய்கூடப் பேசித் தீர்க்கணும்னு உட்கார்ந்திருக்கேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

இவளுக்கு எதுவும் தெரியாது. எதுவுமே தெரியாது. பெரியவளின் நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்தது. தப்பித்துப் போகும் கதவு. 'ஐயோ, தப்பா எடுத்துக்கிட்டேன், நாளைக்கு நாயை மட்டும் அச்செடுத்துத் தர்றேன்' என்றால் முடிந்தது. சின்னவள் அந்த இலையை நத்தைக்குக் கொடுத்து, நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். அடுத்த வாரம் செருப்புக் கடைக்குச் சேர்ந்து போகலாம்.

ஆனால் அந்த அடி. பதினாறு வயசுப் பெண் அடித்த ஒரு அடியை, நாற்பத்து நாலு வயசுக்காரி இன்னும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது பெரியவளின் கணக்கில் இருக்கவே இல்லை. தான் ஒரு நாயை மட்டும்தான் எடுத்துக்கொண்டோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

மேலே கணவரின் காலடி ஓசை நின்றது.

"அது ஓடிப்போகல," என்றாள் பெரியவள்.

சின்னவள் நிமிர்ந்தாள்.

"நீ அடிச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் கொடுத்துட்டேன். பால் வண்டிக்காரர்கிட்ட. அப்பாவுக்கு மூச்சுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னார். உனக்குப் பரீட்சை. ஓடிப்போச்சுன்னா சீக்கிரம் மறந்திடுவேன்னு நினைச்சேன். நினைச்சது தப்பு. அதுக்கப்புறம் சொல்லாம இருந்தது அதைவிடத் தப்பு. இருபத்தெட்டு வருஷம்."

மத்தியானம் நத்தைகளிடம் பழகிய வாக்கியங்களில் ஒன்றுகூட இதில் இல்லை.

சின்னவள் எழுந்து போய்க் கை கழுவினாள். கெட்ட சேதி கேட்டாலும் சொன்னாலும் அவள் கை கழுவுவாள், தொழில் பழக்கம். சோப்பு போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, துண்டில் துடைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"எவ்வளவு நாள் இருந்துச்சு?"

"பதினோரு வயசு வரைக்கும். வருஷத்துக்கு ஒருக்கா விசாரிப்பேன். கன்னுக்குட்டிங்க நடுவுல தூங்குமாம். கடைசியும் தூக்கத்துலதான்."

"பதினொண்ணு," என்றாள் சின்னவள், நோயாளியைப் பற்றிப் பேசுவதுபோல். "அந்த ஜாதிக்கு நல்ல வயசுதான்."

பிறகு துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பெரியவள் எழுந்தாள், பக்கத்தில் போகலாமா என்று தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணு மாசம் தெருத்தெருவா அலைஞ்சேன்," துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பசை வாளிய நீதான்டி தூக்கிட்டு வந்தே."

"ஆமா."

"ஒரு தடவகூடச் சொல்லத் தோணலையா?"

"ஒவ்வொரு சுவருக்கும் தோணிச்சு."

"எத்தனை சுவரு?"

"இருநூறு."

துண்டு இறங்கியது. கண் சிவந்திருந்தது, ஆனால் உதட்டோரம் ஏதோ துடித்தது. "நான் கேட்கவே இல்ல பாரு. நான் ஒரு நாயோட போட்டோவ அனுப்பறேன், எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு நீ உன் மூஞ்சிய அச்சடிச்சு வெச்சிருக்கே. உலகத்துல இப்படி மாட்டிக்கிட்ட திருடன் யாராவது உண்டா?"

"இல்ல," என்றாள் பெரியவள். அழுகையும் சிரிப்பும் ஒரே வழியில் வர முட்டி மோதின.

சின்னவள் மேசைக்கு வந்தாள். இலையைக் கையில் எடுத்தாள். பெரியவள் பெட்டியின் மூடியைத் திறந்து பிடித்தாள். தன் விதி இதுதான். அதற்காகத்தானே காலையில் ஓட்டையில்லாத இலையாகத் தேடினாள்.

"மூடு," என்றாள் சின்னவள். "நத்தைக்கு எதுக்கு? அதுக்கு உன்மேல என்ன கோபம்?"

இலையின் ஓரத்தைக் கிள்ளினாள். இருபத்து நாலு வயசுப் பெரியவளின் இடது காது அவள் விரலோடு வந்தது. வாயில் போட்டு மென்றாள்.

"என்னடி பண்றே?"

"பசலைதானே. மருந்து அடிச்சிருக்கியா?"

"இல்ல. நம்ம மாடிக் கொடி."

"அப்ப சரி." வலது காதும் போனது. பிறகு தலைமுடி. பிறகு நெற்றி. நத்தையைவிட வேகமாக, ஆனால் அதே மாதிரி ஓரத்திலிருந்து, நிதானமாகத் தின்றாள். கண்கள் போகும்போது மட்டும் ஒரு கணம் தயங்கி, அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டு, கிழித்தாள். "உப்பு போட்டிருக்கலாம்."

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பில் ஒரு லேசான சுகம் பரவியது. நெடுநாள் சுமந்த வாளியைக் கீழே வைத்தால் தோளில் வருமே, அது. வலியும் கூடவே இருந்தது. பரவாயில்லை என்று இருந்தது.

சின்னவள் நிறுத்தினாள். கையில் மிச்சம் இரண்டுதான்: வாயும் தாடையும் சேர்ந்த ஒரு துண்டு, அதற்குக் கீழே முழுப் பச்சையாக நின்ற நாயின் வடிவம். நாயை நகத்தால் கவனமாகப் பிரித்து, பையிலிருந்த நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வாயை மேசையில் வைத்தாள்.

"இது?" என்றாள் பெரியவள்.

"இது இன்னும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு."

"எல்லாம் சொல்லிட்டேனே."

"பொத்தானோட தட்டு." சின்னவளின் குரல் மெதுவாக இருந்தது, வயிற்றில் கட்டியைத் தேடும் டாக்டரின் விரல்போல. "நாயோட அந்தத் தட்டும் அன்னிக்கே காணோம். ஓடிப்போற நாய் தட்டையுமா கவ்விட்டுப் போகும்? கேட்டேன். 'பாத்தா நீ அழுவேன்னு எடுத்து உள்ள வெச்சிட்டேன்'னு பதில் வந்துச்சு. நீ கொடுத்தனுப்பினேங்கறே. நாயைக் கொடுக்கத் தெரியும் உனக்கு. அது வேற தட்டுல சாப்பிடாதுன்னு யோசிச்சு, கழுவி, துணி சுத்திக் கொடுத்தனுப்பற புத்தி உனக்கு இருந்ததில்ல. இப்பவும் இல்ல."

பெரியவளின் நினைப்பில், வாசலில் அன்று நின்ற இரண்டாவது ஆள், இருபத்தெட்டு வருஷம் பின்னால் தள்ளி நிறுத்தியிருந்த ஆள், கையில் துணி சுற்றிய தட்டோடு முன்னால் வந்து நின்றாள்.

மேசையில் போன் அடித்தது. மணி ஐந்து. வீட்டில் யாருக்கும் கடிகாரம் தேவையில்லை. தினமும் ஐந்து மணிக்குப் பெரியவளுக்கு ஒரு போன், ஐந்தேகாலுக்குச் சின்னவளுக்கு ஒரு போன். இரண்டு பெண்களிடமும் அதே கேள்வி, 'என்ன பண்றே, சாப்பிட்டியா?'

திரையில் 'அம்மா' என்று மின்னியது.

சின்னவள் இலைத்துண்டை அக்காவின் பக்கம் நகர்த்தினாள். பிறகு, தன் நாற்காலியையும் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில், தோள் உரசும் அளவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எடு," என்றாள். "ஸ்பீக்கர்ல போடு."